பாம்புக்காதருக்குக் கேட்காத கீச்சு

விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் அவருக்கு வேலை. நசுங்கிய வண்டிகளைச் சுற்றிச்சுற்றி வந்து, இது மோதியதில் விழுந்த பள்ளம், இது போன வருஷமே இருந்த பள்ளம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். யார் என்ன சொன்னாலும் லேசில் நம்பாத மனிதர். ஆனால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் ஆளே மாறிவிடுவார். ஒலிக்கருவிகளைக் கேட்டுப் பார்த்து, நல்லது கெட்டது சொல்லி வீடியோ போடுவார். அதிலும் அவருக்கு உயிர் என்றால் டாக்தான்.

கணினியிலும் போனிலும் பாட்டு வெறும் எண்களாகத்தான் கிடக்கிறது. அந்த எண்களை மறுபடியும் ஒலியாக்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிற பெட்டிக்குப் பெயர் டாக். கட்டைவிரல் பருமனில் ஒரு ஜோடி செருப்பு விலைக்கும் கிடைக்கும். சூட்கேஸ் பருமனில் பழைய கார் விலைக்கும் கிடைக்கும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டு சொல்லும் காது தனக்கு உண்டு என்று அவர் நம்பினார். வீடியோ பார்க்கிறவர்களும் நம்பினார்கள். ‘பாம்புக்காதர்’ என்று பட்டம் கொடுத்ததே அவர்கள்தான். அவரும் கூச்சப்படுகிற மாதிரி கொஞ்சம் நடித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அந்தப் பட்டம் செல்லுபடியாகவில்லை. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். நாள் முழுக்கப் பத்துப் பதினைந்து மெஷின்கள் விதவிதமாகக் கத்துவதைக் கேட்டுவிட்டு வருகிறவள், வீட்டிலும் மெஷினா என்று அலுத்துக்கொள்வாள். “நடுவுல பாட்டு நிக்காம வருதா, அது போதும் எனக்கு” என்பது அவளுடைய ஒலிக்கொள்கை. கல்லூரியில் படிக்கும் மகள்தான் வீடியோ எடுப்பாள். அப்பாவின் வர்ணனைகளுக்குச் சிரிக்காமல் கேமராவைப் பிடிக்க ரொம்பப் பழகியிருந்தாள். போன முறை ஒரு டாக்கைப் பற்றி, “இதுல வயலின் ஈரமா கேக்குது” என்றார். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

அப்படி இருக்கையில் வேறொரு ஊரிலிருந்து ஒரு பெட்டி வந்தது. சின்னப் பட்டறை வைத்து டாக் செய்கிற ஓர் இன்ஜினியர் அனுப்பியிருந்தார். அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது; பெரிய கம்பெனியை விட்டு வெளியே வந்து, சொந்தக் கையால் செய்த முதல் மாதிரி இது. கனத்த அலுமினிய உடம்பு, முகப்பில் தேக்குப் பட்டை, திருகினால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் சுழலும் குமிழ். விலை பழைய கார் ரகம். ‘ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் வருகிறேன், என் முன்னால் வைத்து விமரிசனம் செய்யுங்கள்’ என்று போனில் சொல்லியிருந்தார். இதுவரை எந்தத் தயாரிப்பாளரும் பாம்புக்காதர் வீட்டுப் படி ஏறியதில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம் முழுக்க அலுவலகம் விட்டு வந்ததும் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். கட்டைவிரல் டாக்கை மாட்டி ஒரு பாட்டு, புதுப்பெட்டியை மாட்டி அதே பாட்டு. புதுப்பெட்டியில் பாடுகிறவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் விட அதன் அமைதி அவரை மயக்கியது. இரண்டு வரிகளுக்கு நடுவே வரும் மௌனத்தில் ஒரு பிசிறு கூட இல்லை.

“வந்து கேளேன்” என்று மனைவியைக் கூப்பிட்டார். “கிணத்துக்குள்ள இறங்கின மாதிரி ஒரு அமைதி.”

அவள் கூடத்து வாசலிலேயே நின்றாள். “என்னங்க கத்துது?”

“எது கத்துது?”

“கீச்சுனு ஒரு சத்தம். கொசு காதுக்குள்ள பூந்த மாதிரி. பாட்டை நிறுத்துங்க… இப்பவும் கேக்குதே!”

பாட்டை நிறுத்திவிட்டு அவர் பெட்டியின் மேல் காதை வைத்துப் பார்த்தார். கிணற்று அமைதி. “ஒண்ணும் இல்லையே. ஆஸ்பத்திரியில கேட்டது இன்னும் காதுலயே நிக்குது உனக்கு. நீ போய்ப் படு.”

“ஆமா, எனக்குத்தான் கோளாறு” என்று அவள் போய்விட்டாள்.

மறுநாள் மகள் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குக் குடிபோனாள். ஏன் என்று கேட்டால், “அந்தப் பெட்டி கீச்சுகீச்சுங்குதுப்பா, தலை வலிக்குது” என்றாள். அம்மாவும் பெண்ணும் பேசிவைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்று முடிவு கட்டினார். நல்ல பொருள் ஒன்று வீட்டுக்கு வந்தால் இவர்களுக்குப் பொறுக்காது. வெள்ளிக்கிழமை மனைவி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு துணி மடித்தாள். அவர் அதைப் பார்க்காதது போல் இருந்தார்.

ஞாயிறு காலை இன்ஜினியர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பழக்கூடை, பெண் பார்க்க வந்தவர் போல ஒரு பதற்றம். தன் பெட்டியைப் பார்த்ததும் அதன் தலையில் ஒருமுறை தடவிக்கொடுத்தார். பாம்புக்காதர் கேமரா முன்னால் உட்கார்ந்தார். மகள் தலையாட்டினாள். ஒரு பாட்டு ஓடி முடிந்தது. அவர் விரலை உயர்த்தினார்.

“இப்ப நான் பேசப் போறதில்ல. இந்தப் பெட்டியோட மௌனத்தை மட்டும் கேளுங்க.”

கண்ணை மூடிக்கொண்டார். இன்ஜினியரும் மூடிக்கொண்டார். இரண்டு பெரிய மனிதர்கள் தியானத்தில் இருப்பது போல் இருந்தது. கேமராவுக்குப் பின்னால் மகள் ஒரு பக்கத் தோளால் காதை அடைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். அந்த நேரம் பார்த்து மனைவி தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தாள்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. பெட்டி பார்க்க அம்சமா இருக்கு, இந்தக் கீச்சை மட்டும் நிறுத்திட்டீங்கன்னா போதும்.”

இன்ஜினியர் கண்ணைத் திறந்தார். “கீச்சா?”

“அவ அப்படித்தான், நீங்க தேத்தண்ணி குடிங்க சார்” என்றார் பாம்புக்காதர்.

“இல்ல, இல்ல. என்ன கீச்சு? எங்க பட்டறையில நாலு பேர் கேட்டிருக்கோம்மா. எல்லாரும் நாப்பது வருஷ அனுபவம். யாரும் கீச்சுனு சொல்லல.” இன்ஜினியரின் காது மடல் சிவந்துவிட்டது.

“நாப்பது வருஷ அனுபவம்னா அவங்களுக்கும் உங்க வயசா சார்?” என்று மகள் கேட்டாள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஆனால் பெரியவர்கள் இருவரும் ஒருவர் நரையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு அவளே, ஓடிக்கொண்டிருந்த கேமராவை அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு வழி சொன்னாள். மடிக்கணினியில் ஒரு சத்தம் வைப்பாள். மெல்ல மெல்ல அதன் சுருதியை ஏற்றிக்கொண்டே போவாள். கேட்கிறவரைக்கும் எல்லோரும் கையைத் தூக்கியிருக்க வேண்டும். கேட்காமல் போனதும் இறக்கிவிட வேண்டும். பாம்புக்காதர் இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று முணுமுணுத்தார். இன்ஜினியர் வீராப்பாகக் கையைத் தூக்கியதும், இவரும் தூக்கினார்.

சத்தம் விசிலாக ஆரம்பித்து, ஊசியாக மெலிந்து, மேலே ஏறியது. நான்கு கைகளும் நிமிர்ந்து நின்றன. பாம்புக்காதருக்கு ஓர் இடத்தில் சத்தம் பட்டென்று காணாமல் போயிற்று. திரும்ப வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தார்; இன்ஜினியரின் கை இறங்கவில்லை. விருந்தாளிக்குக் கேட்கிறது, பாம்புக்காதருக்குக் கேட்கவில்லை என்றால் மானம் என்னாவது? கையை இன்னும் கொஞ்சம் விறைப்பாக நீட்டினார். அந்தப் பக்கம் இன்ஜினியரும் இவர் கையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, தன் கையை உயர்த்தினார். மனைவி சிரிப்பை அடக்கத் தட்டால் வாயை மறைத்துக்கொண்டாள்.

“அப்பா” என்றாள் மகள். “நான் நிறுத்தி ரொம்ப நேரம் ஆச்சு.”

இரண்டு கைகளும் மெதுவாக இறங்கின.

மகள் அடுத்ததாக ஒரு மைக்கைப் பெட்டியின் பக்கத்தில் வைத்துத் திரையைக் காட்டினாள். சமவெளியாக ஓடிய கோட்டில், வலது பக்கம், பன்னிரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே, ஒரு கம்பம் நட்டது போல் ஒரு முனை எழுந்து நின்றது. பெட்டியை அணைத்தாள், கம்பம் விழுந்தது. போட்டாள், எழுந்தது. பாம்புக்காதரும் இன்ஜினியரும் மாறிமாறி அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தார்கள். கம்பம் சளைக்காமல் எழுந்து விழுந்தது.

இன்ஜினியர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எங்க வீட்டு நாய் என் காலடியிலதான் படுத்துக் கிடக்கும். இந்தப் பெட்டியைச் செஞ்சு கொண்டுவந்து வெச்ச நாள்லேருந்து தோட்டத்துல போய்ப் படுக்க ஆரம்பிச்சுது. என் மேல கோவம்னு நெனச்சேன். பிஸ்கட்டெல்லாம் வாங்கிப் போட்டேன்.”

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. இன்ஜினியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கி அங்கேயே பெட்டியின் மூடியைக் கழற்றினார். மனைவி குனிந்து காது கொடுத்து, “இந்த மூலைலேருந்து வருது” என்று விரல் நீட்டினாள். மின்சாரம் கொடுக்கிற பகுதியில் இருந்த ஒரு செப்புக் கம்பிச் சுருள் அது. இன்ஜினியர் ஒரு குச்சியால் அதை அழுத்தியதும், “இப்ப நின்னுடுச்சு” என்று அம்மாவும் பெண்ணும் ஒரே குரலில் சொன்னார்கள். சுருள் சரியாக இறுகாமல் அதிர்ந்துகொண்டிருந்திருக்கிறது. பெட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு, சரி பண்ணி அனுப்புகிறேன் என்று அவர் கிளம்பினார்.

அவர் போனபின் பாம்புக்காதர் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். சிரித்ததெல்லாம் வடிந்துவிட்டது. எத்தனை பெட்டிகளைப் பற்றி, மேல்ஸ்தாயி மங்கல், மேல்ஸ்தாயி பளபளப்பு என்று தீர்ப்பு சொல்லியிருப்பார்! அந்த மேல்மாடிக்கு அவருக்குப் படிக்கட்டே இல்லை.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உனக்கு முன்னாலேயே தெரியுமா?”

அவள் புடவைத் தலைப்பைச் சரி செய்தாள். “நம்ம வீட்டு அழைப்பு மணி குருவி மாதிரி கத்துமே, ஞாபகம் இருக்கா? ரெண்டு தடவை கூரியர்காரன் அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டான். நீங்க உள்ளதான் இருந்தீங்க.”

“அது கெட்டுப்போச்சுன்னு சொல்லித்தானே மாத்தின?”

“கெட்டெல்லாம் போகல. டாங்கு டாங்குனு அடிக்கிற மணியா பார்த்து வாங்கினேன். உங்ககிட்ட எப்படிங்க சொல்றது? ஊரே உங்களைப் பாம்புக்காதர்ங்குது.”

அவர் தன் காது மடலைத் தடவிப் பார்த்தார். “ரொம்ப மோசமா?” என்றார்.

“வயசுக்கு ஏத்த மாதிரிதான். நான் கூப்பிடுறது கேக்குதுல்ல? கேட்டும் கேக்காத மாதிரி இருக்கீங்களே, அதுக்குத்தான் வைத்தியம் இல்ல.”

அடுத்த வாரம் பெட்டி திரும்பி வந்தது. மனைவி கூடத்துக்குள் நுழைந்து, நின்று கேட்டு, “சுத்தமா இல்ல” என்று சான்று கொடுத்தாள். இந்த முறை அவர் ஒரு காரியம் செய்தார். நடுவில் ஒரு போர்வையைக் கட்டி, அதன் பின்னால் மனைவியை உட்காரவைத்தார். இரண்டு டாக்குகளின் சத்தத்தையும் ஒரே அளவில் வைத்து, அவள் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிப் போட வேண்டும். எது எது என்று அவர் சொல்ல வேண்டும். மகள் கேமராவைப் பிடித்தாள்.

“இது பெரிய பெட்டி. பாடுறவங்க பக்கத்துல இருக்காங்க.”

“கட்டைவிரலு” என்றது போர்வை.

“இது… சின்னது. கொஞ்சம் வறட்சி.”

“பெருசு.”

அதற்கப்புறம் அவர் சரியாகச் சொன்னதும் உண்டு, தப்பியதும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பூவா தலையா போட்டிருந்தாலும் அதே கதிதான் ஆகியிருக்கும். பிறகு மகளை உட்காரவைத்துக் கேட்டார்கள். பாம்புக்காதர் போர்வைக்குப் பின்னால் போய், மனைவியையும் உட்காரவைத்தார். கீச்சு போனபிறகு அவர்களாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

வீடியோவில் எதையும் வெட்டவில்லை. கையைத் தூக்கி உட்கார்ந்திருந்த கூத்தையும் சேர்த்தே போட்டார். கடைசியில் நேராகக் கேமராவைப் பார்த்துச் சொன்னார்:

“என் காது இவ்வளவு தூரம்தான் போகும். இனிமே அதுக்கு மேல நடக்கிறதைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். பாட்டு கேக்கணும்னா கட்டைவிரல் போதும். இந்தப் பெரிய பெட்டி நல்ல உழைப்பு, நல்ல குமிழ், தொட்டுப் பார்த்தா சந்தோஷமா இருக்கு. அந்தச் சந்தோஷத்துக்கு விலை கொடுக்க முடியும்னா வாங்குங்க. சத்தத்துக்காக வாங்காதீங்க.”

போட்டுவிட்டுப் பயந்துகொண்டே இருந்தார். மறுநாள் இன்ஜினியர் போன் செய்தார். திட்டப்போகிறார் என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு எடுத்தார்.

“வணக்கம் சார். வீட்டுல மேடம் இருக்காங்களா? போனைக் கொஞ்சம் அவங்ககிட்ட குடுங்களேன்.”

பெட்டிகளைப் பட்டறையிலிருந்து அனுப்பும் முன் ஒருமுறை வந்து கேட்டுச் சொல்ல முடியுமா என்பது விண்ணப்பம். விலையை இறக்கி, தேக்கில்லாமல் ஒரு சின்ன மாதிரியும் செய்கிறாராம். மனைவி விடுமுறை நாளாகப் பார்த்து ஒப்புக்கொண்டாள். பஸ்ஸில் போய்வர ஒரு துணை வேண்டுமே என்று இவரும் கிளம்பினார்.

பட்டறை வாசலில் இவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பக்கத்து நாற்காலியில் இன்ஜினியர். உள்ளே நீண்ட மேஜையில் பெட்டிகள் மின்சாரம் கொடுத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. மனைவி கைப்பையைத் தோளில் மாட்டியபடியே ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்று நடந்தாள். நாற்பது வருஷ அனுபவக்காரர்கள் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்கள்.

“இது சரி. இதுவும் சரி. இது வேணாம், அழுவுது.”

“அழுவுதாம்” என்று உள்ளேயிருந்து ஒருவர் கவலையோடு எட்டிப் பார்த்துச் சொன்னார்.

இன்ஜினியர் பாம்புக்காதர் பக்கம் சாய்ந்தார். “உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?”

“சத்தியமா இல்ல.”

“எனக்கும்தான்” என்றார் இன்ஜினியர். இரண்டு பேரும் தேநீரை வாங்கிக்கொண்டு, மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.