என் பெயரில் ஒரு கண்டிராக்ட்

நகரசபைத் தேர்தலில் நான் நிற்கக்கூடாது என்பதற்கு எதிர்த்தரப்பு வக்கீல் சொன்ன காரணத்தைக் கேட்டு முனிசிபல் ஆபீசில் கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும்தான் சிரித்தேன். கருத்தக்கண்ணனாகிய நான் நகரசபையின் கண்டிராக்டராம்.

அது முப்பத்தைந்தாம் வருஷம், மனுக்களைப் பரிசீலிக்கிற நாள். எனக்கு நாற்பத்திரண்டு வயது. இருபத்தைந்து வருஷமாகச் சமயநல்லூர்ப் பக்கத்துப் பாறையில் சல்லி உடைக்கிறவன். அந்தச் சல்லியை மதுரைத் தெருக்களுக்குப் போடுகிற கண்டிராக்டர் நல்லகாமன் என்பது பாறையில் மேய்கிற ஆட்டுக்கும் தெரியும். எங்கள் வார்டில் அவரும் நின்றார். அவரை எதிர்த்துத்தான் நான் மனுப் போட்டிருந்தேன்.

தெருவுக்காகத்தான் போட்டேன். ஊர்த் தெருவுக்கெல்லாம் சல்லி உடைக்கிற நாங்கள் குடியிருந்த மொட்டைக்கிணற்றுத் தெருவில் ஒரு கூடைச் சல்லி விழுந்ததில்லை. போன ஐப்பசியில், என்னோடு கல் உடைக்கிற ராக்கம்மாளின் மருமகளைப் பிரசவத்துக்கு ஏற்றிப்போன வண்டி தெரு முக்கில் அச்சுவரை சேற்றில் இறங்கிவிட்டது. பிள்ளை வண்டியிலேயே பிறந்தான். வீட்டில் வைத்த பெயர் வேறு. தெரு அவனைச் சேத்தான் என்றே கூப்பிட்டது.

"இவன் கல்யாணத்துக்காச்சும் ரோடு வருமா கருத்தக்கண்ணா, இல்ல மாப்பிள்ளையையும் சேத்துலதான் எறக்கணுமா?" என்று ராக்கம்மாள் கேட்ட அன்றைக்குத்தான் எனக்கு இந்த யோசனை வந்தது.

வீட்டு வரி கட்டுகிறவன் என்பதால் வாக்காளர் ஜாபிதாவில் என் பெயர் இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் இன்னாசிமுத்து, என்னைவிடப் பத்து வயது இளையவர், மனுவை எழுதினார். கையெழுத்தை நானே போட்டேன். அவரிடம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எழுத்துக் கற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சம்மட்டி பிடித்துப் பிடித்து மடங்கிப்போன விரல்களுக்குப் பேனா ஒரு துரும்பு. அதுதான் நழுவிக்கொண்டே இருக்கும்.

வக்கீல் ஒரு தாளைத் தேர்தல் அதிகாரியின் முன்னால் வைத்தார். அதிகாரி அதை என் பக்கம் திருப்பினார். அடியில் ஒரு பெருவிரல் ரேகை. குறுக்கே ஒரு வெட்டு. பதினெட்டு வயதில் சம்மட்டி தவறி விழுந்து பிளந்த என் இடது பெருவிரல் அது. என் சிரிப்பு நின்றது.

மூன்று வருஷத்துக்கு முந்திய பொங்கல் நினைவுக்கு வந்தது. வருஷா வருஷம் நல்லகாமன் எங்களுக்கு வேட்டி கொடுப்பார்; வாங்கியதற்கு அடையாளமாகக் காகிதத்தில் விரலை அழுத்துவோம். எல்லோரும் வேட்டியின் கரையைத்தான் பார்ப்போம். காகிதத்தைப் பார்த்தால் மட்டும் என்ன தெரிந்துவிடப் போகிறது? அந்த வருஷம் என்னிடம் மட்டும் நாலைந்து தாள் நீட்டினார்கள். வேட்டியும் இரண்டு கிடைத்தது. மூத்த ஆள் என்ற மரியாதை போலிருக்கிறது என்று என் பெண்சாதி ஒச்சாயியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"இல்லைன்னு சொல்லிருங்கண்ணே" என்று இன்னாசிமுத்து காதோரம் சொன்னார்.

"இது உம்முடைய விரல்தானா?" என்றார் அதிகாரி.

"என் விரல்தாங்க. ஆனா அது வேட்டிக்கு வச்ச விரல்."

மறுபடியும் சிரித்தார்கள். இன்னாசிமுத்து எழுந்து, "பேருதான் இவரது சார். கண்டிராக்டு நல்லகாமனோடது. அப்படிப் பார்த்தா அவர் மனுதான் செல்லாது" என்றார்.

அதிகாரி நல்லகாமனைப் பார்த்தார். அவர் நிதானமாக எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்கும் அந்தக் கண்டிராக்டுக்கும் ஒரு தொடுப்பும் இல்லீங்க. கல்லு, வண்டி, எந்தத் தெருவுக்கு எப்பப் போடணும்கிறது, எல்லாம் கருத்தக்கண்ணன் பொறுப்பு. தெரிஞ்சவனாச்சேன்னு ஏதோ ஒத்தாசைக்கு நின்னிருப்பேன்."

"எழுதிக் கையெழுத்துப் போடும்" என்றார் அதிகாரி.

போட்டார். நகரசபையோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறவன் அங்கத்தினராக நிற்க முடியாது என்பது சட்டம்; என் மனு தள்ளுபடி. ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

வெளியே வந்தபோது நல்லகாமன் என் தோளில் தட்டினார். "வருத்தப்படாத மாப்ள. நேத்துவரைக்கும் கூலி, இன்னைக்கு நீ கண்டிராக்டரு. எம்புட்டுப் பேருக்குக் கெடைக்கும்?"

அவரோடு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.  ஆனால் கண்டிராக்டரு என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் காலில் ஏறிய முள்ளாக உள்ளேயே நின்றது.

நான் திரும்பி ஆபீசுக்குள் போனேன். தள்ளுபடி உத்தரவு, நல்லகாமன் எழுதிக்கொடுத்தது, ஒப்பந்தம், மூன்றுக்கும் நகல் வேண்டும் என்றேன். குமாஸ்தா ஏற இறங்கப் பார்த்தார். சாயங்காலம் நகலைத் தந்தபோது, பழக்க தோஷத்தில் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். நேரம் பிடித்தது. அவர் காத்திருந்தார்.

ஒப்பந்தம் இங்கிலீஷில் இருந்தது. அதை இன்னாசிமுத்து படித்துச் சொன்னார். அது முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. கடைசியில் தைத்திருந்த தெருக்களின் பட்டியல் மட்டும் தமிழ். அதை நானே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தேன். ஐந்தாவது பெயரில் விரல் நின்றது. சரியாகத்தான் படிக்கிறேனா என்று மறுபடி கூட்டினேன்.

மொட்டைக்கிணற்றுத் தெரு. நீளம் முந்நூறு அடி.

எங்கள் தெருவுக்கென்று எழுதிய சல்லியை நாங்களே உடைத்திருக்கிறோம். அது எங்கே போனது என்பதும் எங்களுக்குத் தெரியும். நல்லகாமனின் அரிசி மில்லைச் சுற்றி, மழையிலும் ஈரம் நிற்காத பாதை ஒன்று இருந்தது.

மறுநாள் காலை பாறையில் பன்னிரண்டு வண்டிகள் பாரம் ஏற்றி நின்றன. வண்டிகள் எல்லாம் வண்டிக்காரர்களுக்குச் சொந்தம். அவர்களில் மூத்தவன் மொக்கையன்.

"பாரம் நம்ம தெருவுக்கு மொக்கையா" என்றேன்.

"யாரு சொன்னது?"

"கண்டிராக்டரு."

"அவரு மில்லுக்குல்ல போகச் சொன்னாரு."

"அவரு ஒத்தாசைக்கு நிக்கிறவரு. கண்டிராக்டரு நான்." தமிழில் இருந்த தள்ளுபடி உத்தரவை எடுத்து வாசித்தேன். திக்கித் திக்கித்தான் வாசித்தேன். நல்லகாமன் எழுதிக்கொடுத்ததையும் வாசித்தேன்.

மொக்கையன் தலையைச் சொறிந்தான். "நாளைக்கு என் வண்டிய வேணாம்னுட்டா என்னண்ணே பண்ணுவேன்?"

"அம்புட்டுத் தெரு அவருக்கு இருக்கில்ல. அதுக்கெல்லாம் தலையிலயா செமப்பாரு?" என்றாள் ராக்கம்மாள், கூடையைக் கீழே வைத்துவிட்டு. "ஒனக்குப் பயமா இருந்தா மாட்டை அவுத்துட்டுப் போ. நுகத்துல நான் நிக்கிறேன்."

மொக்கையன் மாட்டை அதட்டினான். பின்னால் பதினொரு வண்டியும் நகர்ந்தன.

உச்சிப்பொழுதுக்குள் தெருவின் பாதிவரை சல்லி குவிந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து பரப்பினார்கள். அப்போதுதான் நல்லகாமனின் குதிரை வண்டி வந்தது. சல்லி போடாத மறு முனையிலிருந்து வேகமாக வந்து, முக்கில் ஒரு சக்கரம் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது.

"யாரைக் கேட்டுடா கொட்டுன?" வண்டியில் இருந்தபடியே கேட்டார்.

நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டேன். இருபத்தைந்து வருஷமாக அவரை மொதலாளி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

"ஏண்ணே, கண்டிராக்டு உங்களுதா?"

அவர் வாயைத் திறந்தார். என் பக்கத்தில் இன்னாசிமுத்து நோட்டும் பென்சிலுமாக நின்றுகொண்டிருந்தார். தெருவே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"உங்களுதுன்னா சொல்லிருங்க" என்றேன். "இப்பவே வண்டியத் திருப்பிருவோம். வாத்தியாரு எழுதிக்கிருவாரு. நாம ரெண்டு பேரும் ஆபீசுக்குப் போய், நேத்து எழுதுனது தப்புன்னு சொல்லிட்டு வந்துருவோம்."

வாய் மூடியது. 

"எலக்சன் முடியட்டும்" என்றார் தணிந்த குரலில். "அப்பறம் நீ எந்தப் பாறையில கல்லு ஒடைக்கிறன்னு பாக்குறேன்."

"முடியட்டும்ண்ணே. அதுக்கு இன்னும் பதினேழு நாளு கெடக்கு. தெரு முந்நூறு அடிதான்."

சொன்னதை அவர் செய்வார் என்று எனக்குத் தெரியும். செய்யவும் செய்தார். தேர்தலில் ஜெயித்த மறுநாள் என்னைப் பாறையில் ஏறவிடவில்லை. திருவாதவூர்ப் பக்கம் போய்ப் பிழைத்துக்கொண்டேன். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அவர் வண்டிக்காரனை முறைத்துவிட்டு, "திருப்புடா" என்றார். சக்கரம் அசையவில்லை. குதிரை இழுக்க இழுக்க இன்னும் ஒரு சாண் இறங்கியது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். சேத்தானை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைப் பெற்றவளும் வாசலில் நின்று பார்த்தாள்.

"ராக்கம்மா, சக்கரத்துக்கு அடியில ரெண்டு கூடை போடு" என்றேன். "வண்டி ஏறட்டும்."

"யாரு சல்லிய?" என்றாள், அவருக்குக் கேட்கும்படி.

"நம்ம சல்லியத்தான். போடு."