விசிறி நிற்கும் வரை

வரைபட அலுவலகத்தில் ஒரு கறாரான விதி உண்டு. கணினியின் விசிறி நின்ற பிறகுதான் அதில் வேலை பார்த்தவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம். எப்போதோ ஒரு பெட்டி சூடேறிப் புகைந்ததில் பிறந்த விதி. பிளக்கைப் பிடுங்கவும் கூடாது, வரைபடம் பாழாகிவிடும்.

திங்கட்கிழமை எல்லாக் கணினிகளிலும் புதிய கர்னலை ஏற்றியவள், அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் கணினிக்காரிதான். கர்னல் என்பது அடிமட்டத்தில் உட்கார்ந்துகொண்டு மற்ற நிரல்களையெல்லாம் மேய்க்கும் நிரல். ஓர் ஓட்டையை அடைக்க வந்த திருத்தம் வேறோர் ஓட்டையைப் போட்டுவிட்டது. அணைக்கச் சொன்னால் திரை கறுத்தது, விசிறி மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றியது.

ஆறு வருடமாக அடித்தளத்து அறையில் ஈ காக்கை எட்டிப் பார்க்காமல் இருந்தவளை அன்று ஐந்து மணிக்குப் பன்னிரண்டு பேர் கூப்பிட்டார்கள். மேசை மேசையாகப் போனாள். ஒவ்வொன்றையும் முறையாக அணைக்க ஐந்து நிமிடம் பிடித்தது. காத்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா, பேசினார்கள். மருமகளைப் பற்றி, முட்டிவலியைப் பற்றி. "மதியம் எங்க சாப்பிடுறீங்க? கண்ணுலயே படறதில்லயே" என்று ஒருத்தி கேட்டாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கணினிக்காரி அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டு போனாள்.

செவ்வாய் காலையிலேயே வழி தெரிந்துவிட்டது. பழைய கர்னல் கணினிகளில் பத்திரமாக இருந்தது. இருந்த இடத்திலிருந்து ஒரு கட்டளை தட்டினால் மேல்கூடத்துக் கணினிகள் எல்லாமே அதற்குத் திரும்பிவிடும். அவள் தட்டவில்லை. இன்னும் சோதித்துப் பார்க்கணும் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஐந்து மணி எப்போது வரும் என்றுதான் மனம் கிடந்து தவித்தது.

வியாழன் மாலை, கடைசி மேசைக்காரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"குழந்தைங்க காப்பகத்துல எம் பொண்ணு மட்டும்தான் மிச்சம் இருப்பா. நேத்து கேட்டப் புடிச்சிட்டு அழுதுட்டு நின்னா."

கணினிக்காரி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உங்களச் சொல்லலீங்க. நீங்களும் ஒத்தை ஆளா எவ்வளவுதான் பண்ணுவீங்க?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மறுநாள் காலை வந்ததும் முதல் வேலையாகக் கட்டளையைத் தட்டினாள்.

வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மேல்கூடத்தில் விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வாசலில் நின்ற கணினிக்காரியைத் தாண்டி எல்லோரும் போனார்கள். "தேங்க்ஸ்ங்க, வரேன்" என்று கடைசி மேசைக்காரி ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். ஐந்தே நிமிடத்தில் கூடம் காலி.

கதவுகளைப் பூட்டச் சாவிக்கொத்தோடு அலுவலகக் காவலர் அடித்தளத்துக்கு வந்தார். அங்கே ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"எல்லாம் சரியாயிடுச்சுன்னாங்களே மேடம்?"

"என்னோடது மட்டும் பாக்கி." அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "கொஞ்ச நேரம் ஆகும். உக்காருங்க."

காவலர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மெதுவாவே பண்ணுங்க. எனக்கு மட்டும் வீட்ல யாரு இருக்கா?"