பொதுவா, பொண்ணு கெட்டி

“கெட்டி, கெட்டின்னு தெரு முழுக்கத் தண்டோரா போட்டது யாரு அண்ணி? நானா?”

“நான்தான் சொன்னேன். இல்லைங்கலை. சந்தோஷத்துல சொன்னேன். அதுக்காக அவளைத் தொடாம அந்தப் பெட்டியிலேயே போட்டு வைன்னு சொன்னேனா?”

“அக்கா, மெதுவா பேசு. உள்ள குழந்தைங்க தூங்குது.”

“நீ வாயைத் திறக்காதடா. திறக்க வேண்டிய நேரத்துல திறந்திருக்கணும்.”

குறைமாதக் குழந்தைகள் பிரிவின் வாசலில், செருப்புகளைக் கழற்றி வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் நடந்தது இது. மூன்று பேரும் தலையில் காகிதத் தொப்பியோடு நின்று கத்திக்கொண்டிருந்ததால், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. அந்த வாசலில் காத்திருக்கிற யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

கத்தியவர்களில் மூத்தவளைத் தெரு ‘டிக்கெட் அக்கா’ என்று அழைக்கும். பேருந்து நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கிறவள். கண்ணாடியில் உள்ள சின்னத் துளை வழியாகவே வாழ்நாளெல்லாம் பேசிப் பழகியதால், எதிரில் கண்ணாடி இல்லாதபோதும் அதே குரல்தான். அவள் தம்பி பூட்டுச் சாவி செய்கிறவன். ஊரில் எல்லா வாசலுக்கும் பூட்டுப் போடத் தெரிந்தவனுக்கு அக்கா வாய்க்கு ஒன்று செய்ய வரவில்லையே என்று தெருவில் கேலி உண்டு. அவன் மனைவி ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்கிறாள். அதிகம் பேசமாட்டாள். பேசாதவள் பேசினால் எப்படி இருக்கும் என்பதை அன்று வாசல் கேட்டது.

அன்று காலையில்தான் டாக்டரம்மா தம்பியின் இரட்டைக் குழந்தைகளின் உச்சிக்குழியில் பசை தடவி, ஸ்கேன் கருவியை வைத்து, தலைக்குள் பார்த்திருந்தார். பையனுக்கு ஒன்றுமில்லை. பெண்ணுக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தது.

பெண்ணுக்கு! இதைத்தான் ஒருவராலும் விழுங்க முடியவில்லை.

ஏனென்றால் குழந்தைகள் பிறந்த மறுநாளே டாக்டரம்மா இவர்களை உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்: “ரொம்ப முன்னாடியே பொறந்துட்டாங்க. குறைமாசத்துல பொறக்கற ஆம்பளப் பசங்க பொதுவா கொஞ்சம் அதிகமா கஷ்டப்படுவாங்க. நுரையீரல் முதிர்றதும் மெதுவாதான், மூளையும் அப்படித்தான். பொண்ணுங்க பொதுவா ஒரு அடி முன்னாடி இருப்பாங்க.” ஏன் அப்படி என்று தம்பி கேட்டதற்கு, காரணம் முழுசாக யாருக்கும் தெரியாது, தாங்களும் பல ஊர் டாக்டர்களும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

அதை அங்கேயே விட்டிருக்கலாம். அக்கா தெருவுக்குள் நுழையும்போதே அதை ஒரே சொல்லாகச் சுருக்கி வைத்திருந்தாள். “பொண்ணு கெட்டி!” பால் வாங்க வந்தவளிடம் சொன்னாள், இஸ்திரிக்காரனிடம் சொன்னாள், கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னாள். “உள்ளங்கை அகலம்தான் இருக்கா. ஆனா கெட்டி!” தன்னையும் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். நீ கெட்டி, நீ சமாளிச்சுக்குவே என்று சொல்லிச் சொல்லியே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள், கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள், தம்பியை வளர்க்க விட்டார்கள். அந்தச் சொல்லில் பெருமை மட்டும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? வாய் முந்திக்கொண்டது.

சொல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. குழந்தையை வெறும் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளச் சொல்லும் வார்டு அது. பையனின் மூக்கில் காற்றுக்குழாய் இருந்ததால் இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது. தாய் பையனை எடுத்தாள். அவள் எழுந்தால் தந்தை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பையனை வாங்கிக்கொண்டான். சூடு காக்கும் பெட்டிக்குள் இருந்த பெண் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்ததை, சமர்த்து என்று எல்லோரும் மெச்சினார்கள்.

செருப்புத் தட்டருகே சத்தம் ஏறியபோது கதவு திறந்து டாக்டரம்மா வந்தார். ஒல்லியான உருவம், தூக்கமில்லாத கண்கள்.

“தூக்கினதால இது வரலை, தூக்காததாலயும் வரலை. அதுக்கு உங்களுக்குள்ள சண்டை வேண்டாம். பொறந்த சில நாளுக்குள்ளயே வர்றது இது. அந்த ரத்தக்குழாய்ங்க அவ்வளவு மெல்லிசு.”

“பையனுக்குத்தான் வரும்னீங்களே!” என்றாள் அக்கா.

“பையனுக்குக் கூடுதலா வரும்னு சொன்னேன். பொண்ணுக்கு வராதுன்னு சொல்லலையேம்மா. பொதுவான்னுதானே சொன்னேன்?”

அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. பொதுவா! ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தச் சொல்லைத் துளை வழியாக வெளியே தள்ளுகிறாள்! பஸ் எப்ப வரும்? பொதுவா பத்தரைக்கு வரும். அதை நம்பிச் சாவகாசமாக டீ குடித்துவிட்டு வந்து, போன பஸ்ஸின் புழுதியைப் பார்த்தவர்கள் கண்ணாடியை உடைக்காத குறையாகத் தட்டுவார்கள். ‘பொதுவான்னுதானே சொன்னேன்’ என்று அவளும் பதில் சொல்வாள், வெட்கமில்லாமல். இன்று கண்ணாடிக்கு வெளியே அவள் நின்றிருந்தாள்.

அவளுக்கே கேட்காத குரலில், “அவளை நான் வச்சுக்கலாமா?” என்றாள்.

டாக்டரம்மா தாயைப் பார்த்தார். தாய் சுவரைப் பார்த்தாள்.

“வச்சுக்கோங்க அண்ணி” என்றாள் கடைசியில். “எனக்கென்ன ரெண்டு நெஞ்சா இருக்கு?”

கோபத்தில் சொன்னாளா, கெஞ்சலாகச் சொன்னாளா என்று தெருவில் பிற்பாடு பெரிய விவாதமே நடந்தது. தம்பி மட்டும் அந்த நேரத்தில் திரும்பி நின்று செருப்புகளை ஜோடி ஜோடியாக நேராக வைத்துக்கொண்டிருந்தானாம், தன்னுடையது அல்லாதவற்றையும்.

காலை வேலை முடிந்து, சீருடைச் சட்டையோடு அக்கா நேராக வார்டுக்கு வந்துவிடுவாள். முழங்கை வரை கழுவி, பித்தானைக் கழற்றி, சாய்வு நாற்காலியில் உட்காருவாள். முதல் நாள் நர்ஸ் குழந்தையை எடுத்து வைத்தபோது, வைத்துவிட்டார்களா இன்னும் இல்லையா என்றே அவளுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் கனம். குழந்தையின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். எலும்பு கூடாத இடத்தில், தோலுக்கு அடியில், துடிப்பு ஒன்று தொட்டுத் தொட்டுப் போனது. இதற்குள்தான் கசிந்திருக்கிறது. இது நடக்குமா, பேசுமா, தன்னை அத்தை என்று கூப்பிடுமா, எல்லாம் இந்தத் துளியூண்டு இடத்துக்குள் முடிவாகிக்கொண்டிருக்கிறது. அவளால் செய்யக்கூடியது, கையை எடுக்காமல் இருப்பது.

“ஏதாவது பேசுங்க. காது கேட்கும் அவளுக்கு” என்றார் நர்ஸ். “ஆனா அந்தக் குரல்ல வேண்டாம்.”

தாலாட்டு எதுவும் தெரியாது. யாருக்குப் பாடினாள், தெரிவதற்கு? அவளுக்கு மனப்பாடமாக இருந்தது ஒன்றே ஒன்று. அதைக் கிசுகிசுத்தாள். “மார்க்கெட்… ஆஸ்பத்திரி… பாலம்… கோர்ட்டு… மில் கேட்… கடைசி ஸ்டாப்.” மறுபடி மார்க்கெட். பக்கத்து நாற்காலியில் பையனை அணைத்துக்கொண்டிருந்த தம்பி மனைவி கண்ணை மூடியபடியே, “கடைசி ஸ்டாப் வேண்டாம் அண்ணி” என்றாள். சண்டைக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. அக்கா அன்றிலிருந்து மில் கேட்டோடு திருப்பிக்கொண்டாள்.

கசிவு மேலே பரவாமல் நின்றது. குழந்தைகள் வீட்டுக்கு வந்தார்கள். அதன்பின் தெருவுக்கு அக்காவால் பெரிய தொந்தரவு. பெண் கையை மூடினால் செய்தி, திறந்தால் செய்தி. இடது கால் கொஞ்சம் விறைப்பாக இருந்ததால் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மா சொன்ன ஒவ்வொரு சோதனைக்கும் பெண் போனாள். இரட்டையரின் காதுகளை மறுபடி சோதிக்க வரச் சொன்ன அன்று பையனுக்குச் சளி. “அவனை விடு, அவன் தலையில ஒண்ணுமில்லைன்னு பார்த்துட்டாங்களே. இவளைக் காட்டிட்டு வந்துடறேன்” என்று பெண்ணோடு மட்டும் கிளம்பினாள். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த இன்னொரு நாளை எல்லோரும் மறந்தார்கள்.

பெண் “த்த… த்த” என்று ஆரம்பித்தாள். மார்க்கெட் என்றால் சிரித்தாள். பையன் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பவும் இல்லை. தாய் அதை ஒருமுறை சொன்னபோது அக்கா கைலியை மடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“ஆம்பளப் பிள்ளைங்க பொதுவா லேட்டாதான் பேசும். டாக்டரே சொல்லலையா?”

சொன்னவளுக்கு உறைக்கவில்லை. கேட்டவளும் விட்டுவிட்டாள்.

பிறகு ஒரு நாள் இரண்டு பேரையும் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார்கள், முதல் படம் எடுக்க. அங்கே குழந்தைகளைத் திரும்ப வைக்க ஒரு ரப்பர் வாத்து உண்டு, அழுத்தினால் கீச்சென்று கத்தும். தாய் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அழுத்தினாள். இருவரும் பார்த்தார்கள். நல்ல படம். இன்னொன்று எடுக்கலாம் என்று வெள்ளைத் திரைக்குப் பின்னால் போய், கண்ணில் படாமல் அழுத்தினாள். பெண் சட்டென்று திரும்பினாள். பையன் கேமராவையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மறுபடி அழுத்தினாள். அப்புறம் மறுபடி. முதலாளி, “போதும்மா, வாத்து செத்துடும்” என்றார். தாய் நிறுத்தவில்லை. அக்கா எழுந்து போய் அவள் கையிலிருந்து அந்த வாத்தைப் பிடுங்க வேண்டியிருந்தது.

சோதித்தபோது அவனுக்கு இரண்டு காதிலும் குறை என்று தெரிந்தது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு, பையனோ பெண்ணோ, வரக்கூடியதுதானாம். முன்பே வந்திருந்தால் காதுக்கருவி மாட்டிப் பேச்சுப் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. குற்றம் சொல்லும் குரலில் அல்ல. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் நிறுத்தங்கள் ஒவ்வொன்றாகப் போயின. மில் கேட் தாண்டியதும் அக்கா, “அவளுக்காக உங்களோட சண்டை போட்டேனே, இவனுக்காக யாரு போட்டா?” என்றாள்.

தம்பி மனைவி மடியில் இருந்த பெண்ணை அவளிடம் நீட்டவில்லை. தன் தோளில் தூங்கிக்கொண்டிருந்த பையனை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள்.

“இவனையும் வச்சுக்கோங்க அண்ணி. அப்பப்ப மாத்திக்கலாம்.”

அதன்பின் நடந்ததைத் தெரு சுருக்கமாகத்தான் சொல்லும், ஏனென்றால் இதில் வம்பு குறைவு. டாக்டரம்மா வேறு நாட்டுக்குப் போய்விட்டார், பையன்களுக்கு ஏன் அதிகக் கஷ்டம் என்ற அதே கேள்விக்குப் பெரிய இடத்தில் விடை தேடுவதற்கு. சாவிக்காரன் குடும்பம், காது கேளாத பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு மாற்றிக்கொண்டது. பையன் இப்போது உதட்டைப் பார்த்தும் கருவியால் கேட்டும் பேசுகிறான், கொஞ்சம் முரட்டுக் குரலில், அத்தை மாதிரி. பெண் இடது காலை இழுத்து நடக்கிறாள். யாராவது அவளைக் கெட்டி என்றால், “எனக்கும் வலிக்கும்” என்று பட்டென்று சொல்கிறாளாம்.

டிக்கெட் அக்கா, தெரு கைகழுவிவிட்ட வயதில், பஸ் டிப்போ மெக்கானிக் ஒருவரைப் பதிவு செய்து கல்யாணம் பண்ணிக்கொண்டு அடுத்த ஊர் நிலையத்துக்கு மாற்றலாகிப் போனாள். அங்கே பஸ் எப்போது வரும் என்று கேட்டால், “வரும்போது சொல்றேன், இங்கேயே நில்லுங்க” என்கிறாள் என்று பயணிகள் புகார் செய்கிறார்கள். கிளம்பும் அன்று இஸ்திரிக்காரன் மனைவிக்கு மனசு தாங்கவில்லை. பெட்டியைத் தூக்க உதவுகிற சாக்கில் கேட்டேவிட்டாள்.

“மெக்கானிக்குங்க பொதுவா எப்படி அக்கா?”

“பொதுவா எனக்குத் தெரியாது” என்றாள் அக்கா. “இவரு நல்லவரு.”