வெள்ளிக்கிழமைக் கேள்விகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு டீயும் தட்டை மாதிரியான நிப்பட்டும் வந்து சேர்ந்ததும், குணசேகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனைக் கையில் எடுத்தார். தொம்மலூர் பழைய ஊருக்குள், ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன ஆபீஸில் மற்ற எட்டுப் பேரும் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டார்கள். அந்த வாரம் டீம் குரூப்பில் யாராவது கேட்ட படு மட்டமான கேள்வி ஒன்றை அவர் வாசிப்பார். எல்லோரும் சிரிக்க வேண்டும். மூன்று வருஷமாக நடக்கிற வழக்கம். சிரிக்காதவரின் கேள்வி அடுத்த வாரம் வாசிக்கப்படும் என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

குணசேகருக்கு நாற்பத்தெட்டு வயது. கம்ப்யூட்டரிலேயே நிறுவி ஓட்டுகிற சாஃப்ட்வேர் எழுதுவதில் இருபத்திரண்டு வருஷத்து அனுபவம். புதிதாக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பட்டனை அழுத்தினால் விண்டோ ஏன் வெள்ளையாகி அப்படியே நின்றுவிடுகிறது? ஒரு விண்டோவில் அடித்த பெயரை அடுத்த விண்டோவுக்கு எப்படிக் கொண்டுபோவது? புரோகிராம் திறந்த கையோடு ஏன் மூடிக்கொள்கிறது? இப்படிக் கேட்பவர்களை அவர் மனிதர்களோடு சேர்த்து எண்ணுவதில்லை. தன் அப்பா கோலார் தங்கவயலில் எட்டாயிரம் அடி ஆழத்துக்கு இறங்கியவர், வழியில் யாரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை என்று அடிக்கடி சொல்வார். அப்பா சுரங்கத்து ஆட்களின் வருகையைப் பதிகிற டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்தார், லிஃப்டில் ஒரு நாள்கூடக் கீழே போனதில்லை என்பது ஆஸ்டின் டவுன் வீட்டில் இருக்கும் அவர் மனைவிக்கு மட்டும் தெரியும்.

அன்று வாசிக்கப்பட்டது சீதாலட்சுமியின் கேள்வி. பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். தர்மபுரிக்காரி, இரண்டு பிள்ளைகளை வளர்த்துவிட்டுப் பதினோரு வருஷம் கழித்து வேலைக்குத் திரும்பியவள். 'ரிப்போர்ட் பட்டனை அழுத்தினால் உங்கள் கம்ப்யூட்டரில் வருகிறது, என்னுடையதில் வரவில்லையே, ஏன் சார்?' என்று கேட்டிருந்தாள். குணசேகர் அதை இழுத்து இழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல வாசித்தார். பிறகு தான் எழுதிய பதிலையும் வாசித்தார்: கம்ப்யூட்டரை மாற்றவும், முடியாவிட்டால் வேலையை மாற்றவும். சிரிப்பு வந்தது. சீதாலட்சுமியும் சிரித்தாள், ஒரு நிப்பட்டை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். திங்கட்கிழமை அவள் கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் தானாக வந்தது. திட்டினால்தான் சில பேருக்குப் புத்தி திறக்கும் என்று டெஸ்டிங் பார்க்கிற வெங்கியிடம் குணசேகர் சொன்னார். வெங்கி பலமாகத் தலையாட்டினான்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை அவர் வேலைக்கே ஆபத்து வந்திருந்தது. கம்பெனி முதலாளி சாய்கிருஷ்ணா கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். இப்போது எல்லோருக்கும் பிரவுசரில் ஓடுவதுதான் வேண்டியிருக்கிறது, கம்ப்யூட்டரில் நிறுவுகிற சரக்கை யாரும் சீந்துவதில்லை. சிவாஜிநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப், பதினோரு கிளை உள்ளது, புதன்கிழமை ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் டீம் இருக்கும், பிடிக்காவிட்டால் மாசக் கடைசியோடு சரி. குணசேகர் ஏற்கெனவே யாருக்கும் தெரியாமல் இரண்டு இன்டர்வியூவுக்குப் போய் வந்திருந்தார். இரண்டிலும் அவர் மகள் வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்துகொண்டு, பட்டனை அழுத்தினால் விண்டோ ஏன் நின்றுவிடுகிறது என்று கேட்டார்கள். ஒன்றில் கோபித்துக்கொண்டு எழுந்து வந்தார். இன்னொன்றில் அவர்களே எழுப்பி அனுப்பிவிட்டார்கள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் லேபுக்குப் போய்விட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கறிக்கடை வரிசையைத் தாண்டி முதல் மாடி. வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வந்தவர்கள் டோக்கனைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் நசீமாதான் உரிமையாளர். வீணாகப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. பத்து மணிக்குள் ரிப்போர்ட் பிரிண்ட் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பழையதையே போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த லேப் பெண் ஆஷாவை நகரச் சொல்லிவிட்டு குணசேகர் உட்கார்ந்தார். நிறுவி முடித்தார். நோயாளி பெயர் ஏறியது, ரத்த எண்ணிக்கைகள் ஏறின. ரிப்போர்ட் பட்டனை அழுத்தினார். 'எதிர்பாராத தவறு நேர்ந்துவிட்டது' என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது.

என்ன தவறு என்று அந்தப் பெட்டி சொல்லவில்லை. எந்தத் தவறு வந்தாலும் இதே ஒரு வரியைக் காட்டும்படி அதை எழுதி வைத்தவரும் குணசேகர்தான். காரணத்தைச் சொன்னால் வாடிக்கையாளர்கள் கண்டபடி கேள்வி கேட்பார்கள் என்பது அவர் சித்தாந்தம். அழித்துவிட்டு மறுபடி நிறுவினார். பிரிண்டரை மாற்றினார். வைரஸ் தடுப்பை நிறுத்தினார். இந்தக் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு என்று ஆஷாவிடம் சொன்னார். போன மாசம் வாங்கியது என்று அவள் சொன்னாள். ஒன்பதே முக்காலுக்கு ஒரு பெரியவர் எழுந்து வந்து, தலை சுற்றுகிறது, ரிப்போர்ட் வந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு ஒரு வாய் சாப்பிடுவேன் என்றார். குணசேகர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதே பட்டனை மறுபடி மறுபடி அழுத்தினார். பயம் என்றால் இதுதான், இருபத்திரண்டு வருஷத்தில் அவர் மற்றவர்களிடம் மட்டுமே பார்த்திருந்த பயம்.

வேறு வழியில்லாமல் வராந்தாவுக்குப் போய் வெங்கிக்கு போன் செய்தார். இங்கே ரிப்போர்ட் வரவில்லை, ஆபீஸில் வந்ததே, ஏன் என்று கேட்டார். கேட்கும்போதே அந்த வாக்கியம் நாக்கில் கசந்தது. வெங்கி ஒரு நிமிஷம் சார், ஒரு நிமிஷம் சார் என்று இழுத்தான். தெரியாதவன் இழுக்கிற இழுப்பு இல்லை அது. பிறகு போன் கை மாறியது.

"சார், சீதாலட்சுமி பேசறேன். அந்தக் கம்ப்யூட்டர்ல, சி டிரைவ்ல, குணசேகர்னு ஒரு ஃபோல்டர் இருக்குதுங்களா?"

"லேப் கம்ப்யூட்டர்ல எம் பேர் எதுக்கும்மா இருக்கும்?"

"லெட்டர்ஹெட் ஃபைலை அங்கதான் சார் தேடுது. நீங்க அப்படித்தான் எழுதியிருக்கீங்க. உங்க கம்ப்யூட்டர்ல அந்த ஃபோல்டர் இருக்கு, அதனால உங்களுக்கு மட்டும் வருது."

நாலு மாசத்துக்கு முன்னால் அவசரத்துக்கு எழுதியது. வாடிக்கையாளர் பெயர் அச்சாகிற தலைப்புத் தாளைத் தன் ஃபோல்டரிலிருந்தே எடுக்கும்படி வைத்து, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்தில் எல்லோரும் செய்கிற தப்பு. இதைச் செய்த ஒருவனைத்தான் போன வருஷம் மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து வாசித்திருந்தார்.

"வெங்கி மெஷின்ல ஓடுச்சே. டெஸ்ட் பண்ணி ஓகே பண்ணானே."

"எல்லார் கம்ப்யூட்டர்லயும் உங்க பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டு வச்சிருக்கோம் சார். எனக்கு வெங்கிதான் போட்டுக் குடுத்தாரு."

குணசேகர் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கீழே ஒரு ஆட்டோக்காரர் யாரையோ கன்னடத்தில் வைதுகொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டேன் சார். வெள்ளிக்கிழமை வாசிச்சீங்க."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். போன் ஸ்பீக்கரில் இருந்தது அவருக்குப் புரிந்தது, பின்னால் நாற்காலிகள் கிரீச்சிட்டன. எட்டுப் பேரும் சிரிக்கப்போகிறார்கள் என்று காதைக் கொடுத்துக் காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. லெட்டர்ஹெட் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன் என்று மட்டும் சொல்லி அவள் போனை வைத்தாள்.

உள்ளே வந்து, ஆஷா பார்த்துக்கொண்டிருக்க, தன் பெயரைத் தானே அடித்து ஒரு ஃபோல்டர் உண்டாக்கினார். ஃபைலை அதில் போட்டுப் பட்டனை அழுத்தினார். பிரிண்டர் உறுமிக்கொண்டு முதல் தாளைத் தள்ளியது. பெரியவர் அதை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். டாக்டர் நசீமா எட்டிப் பார்த்து, மணியைப் பார்த்து, சரி, சாயங்காலம் வரைக்கும் ஓடட்டும், பார்க்கலாம் என்றார். ராத்திரிக்குள் ஒழுங்காகச் சரிசெய்து வேறு பதிப்பு தருவதாக குணசேகர் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

"சார், இந்த குணசேகர் யாரு?" என்றாள் ஆஷா. காலையிலிருந்து லேபில் எல்லோருக்கும் அவர் சாஃப்ட்வேர் சார்தான்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தன். புதுசா சேந்தவன், அரைகுறை."

இந்த ஃபோல்டரை யாரும் அழித்துவிடக் கூடாது, மத்தியான ஷிஃப்ட்காரிக்குத் தெரியாதே என்று ஆஷா தனக்குள் சொல்லிக்கொண்டு, ரத்தக் குப்பிகளில் ஒட்டுகிற வெள்ளை டேப்பில் ஒரு துண்டு கிழித்து மானிட்டரின் நெற்றியில் ஒட்டினாள். மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள். பெயரைச் சரியாக எழுத வேண்டுமே என்று, அவர் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நிதானமாக எழுத ஆரம்பித்தாள்.