ஒரு ஷேடு கம்மி

"சாணியப் போட்டா மீனு வளருமாக்கும்?" குட்டையில் முதல் தண்ணீர் விட்ட அன்று பரணி கேட்டான்.

"மீனு சாணியத் திங்காதுங்க. சாணி கரைஞ்ச தண்ணியில கண்ணுக்குத் தெரியாத பூச்சி உண்டாகும். குஞ்சுக்கு அதுதான் பால்சோறு."

"அப்ப வாரம் ஒருக்கா வந்து பால்சோறு கரைச்சுத் தர்றேன் அம்மணி. மத்த நாளு டையிங்குக்குப் போகோணுமே."

"போய்ட்டு வாங்க," என்றாள் சித்ராதேவி. சொல்ல நினைத்தது வேறு.

அவிநாசிபாளையம் பக்கத்தில் அவளுடைய அப்பா கொடுத்த விவசாயக் காட்டில் இருந்தது குட்டை. அவள் கணவன் பரணிக்குத் திருப்பூரில் துணிக்குச் சாயம் ஏற்றும் கம்பெனியில், விளக்குப் பெட்டிக்குள் வைத்து நிறம் சரியா என்று ஷேடு பார்க்கிற வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வார விடுமுறைக்கு மட்டும் வருவான். மீன் வளர்ப்பு அவளாகப் பிடித்த பிடிவாதம். அதற்காக அவனையும் இங்கே இருக்கச் சொல்ல வாய் வரவில்லை.

முதல் தடவை விட்ட குஞ்சுகளில் பாதிக்கு மேல் செத்துப்போயின. இந்த முறை ரோகு, கட்லா பொடிக்குஞ்சுகளை எப்படியும் விரல் நீளத்துக்குக் கொண்டுவந்துவிடுவது என்று இருந்தாள். தினமும் முழங்கைவரை தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்ப்பாள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் எரு சரி. தெரியவே இல்லையென்றால் அதிகம்.

திங்கள் விடிந்தபோது குஞ்சுகளெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பரணி வேலைக்குக் கிளம்பி நின்றிருந்தான்.

"நேத்து என்ன பண்ணுனீங்க?"

"நீ சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போனப்ப பாத்தேன். தண்ணி ஒரு ஷேடு கம்மியா இருந்துச்சு. ரெண்டு டிரம் சாணிக்கரைசல் ஊத்துனேன்."

"கைய விட்டுப் பாத்தீங்களா?"

"கண்ணாலதான்."

"நேத்து கவிஞ்சு கெடந்த மேகத்துலயா? விளக்குப் பெட்டிக்குள்ள வெக்காம ஒரு துண்டுத் துணிக்கு ஓகே சொல்லுவீங்களா நீங்க?"

அவள் போர் மோட்டாரைப் போட்டுப் பைப்பை அவன் கையில் கொடுத்தாள்.

"மேல தூக்கிப் புடிங்க. தண்ணி மழையாட்டம் விழோணும். சாணி மிஞ்சுனா தண்ணியில காத்து கம்மியாயிரும், காத்து கலந்தாத்தான் மூச்சு வரும்."

அவள் எதிர்க்கரையில் இறங்கி, குடத்தால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள். அவன் சட்டைப்பையில் போன் அடித்து ஓய்ந்தது. இஸ்திரி போட்ட சட்டை தொப்பலாக நனைந்தும் அவன் பைப்பை இறக்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு குஞ்சுகள் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்குப் போயின. கரையோரம் செத்து ஒதுங்கியவை ஒரு கைப்பிடி. மற்றவை பிழைத்தன.

சித்ராதேவி அவன் கையைப் பிடித்து முழங்கைவரை தண்ணீரில் முக்கினாள்.

"உள்ளங்கை தெரியுதுங்களா?"

"இல்ல."

"தெரியற வரைக்கும் சாணி ஆகாது."

போன் மறுபடி அடித்தது. "ஒரு லாட்டுத் துணி எனக்காக நிக்குது," என்றான். "போய்ட்டு வரட்டா?"

வழக்கமான பதில் நாக்கு வரை வந்தது. தண்ணீருக்குள் அவன் கையை அவள் இன்னும் விடவில்லை.

"போகாதீங்க. அந்த வேலைய விட்டுட்டு இங்கயே எங்கூட இருங்க."