மாப்பிள்ளைச் சகனில் சிவப்புக் கறி

“எங்கட அடுப்புல எங்கட கொச்சிக்காதான் மாமி. வேற ஒண்டும் ஏறாது” என்று பக்கத்து வீட்டு ஸில்மியா சொன்னது மதிலைத் தாண்டி எனக்குக் கேட்டது. அதற்கு முன்பே பரீனாவின் குரல் தாண்டி வந்திருந்ததால், நான் உலையை இறக்கி வைத்துவிட்டு மதிலோரம் வந்து நின்றிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. காத்தான்குடியில் வீட்டோடு வீடு முட்டிக்கொண்டு நிற்கும்போது காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பரீனா ஏறாவூர்க்காரி. அவளுடைய மகன் நௌஷாட் கட்டாரில் இருந்து வந்திருந்தான். ஸில்மியாவுக்கு அவனைப் பேசி முடித்து, காவின் என்கிற நிக்காஹ் நாள் குறிப்பதற்கு ஆண்கள் வரவிருந்தார்கள். அந்த விருந்துக்கு என்ன ஆக்குவது என்று பார்க்கத்தான் பரீனா முன்கூட்டியே வந்திருந்தாள். வந்தவள் சும்மா வரவில்லை. காஷ்மீர் மிளகாய்த் தூள் என்று ஒரு பை கொண்டுவந்திருந்தாள். நிறம் ரத்தச் சிவப்பு, உறைப்பு மருந்துக்கும் கிடையாது. மகனுக்கு கேஸ்ட்ரிக்காம்.

ஸில்மியாவின் கையில் இருந்தது ஊசிக் கொச்சிக்காய், ஊசி மிளகாய். விரல் நகம் அளவுதான் இருக்கும். அதை அம்மியில் நசுக்கி, வாவி இறாலோடு போட்டு, தேங்காய்ப் பால் விட்டு இறக்குவாள். பார்ப்பதற்கு வெள்ளையாக, பச்சைப் பிள்ளைக்கு ஊட்டலாம் போல இருக்கும் அந்தக் கறி. ஒரு வாய் வைத்தால் வாப்பாவின் பெயர் மறந்துவிடும். ஊரில் அவளிடம் காசு கொடுத்துச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைக்கிறவர்கள் எல்லாரும் அந்தக் கறிக்காகத்தான் சொல்லி வைக்கிறார்கள்.

“என்ட புள்ள இந்த ஊட்டுக்கு வந்து காலத்துக்கும் இதத்தானே திங்கணும்” என்றாள் பரீனா.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கே அவள்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். பெற்றவள் பிள்ளையை மட்டுமல்ல, பிள்ளையின் வயிற்றையும் சேர்த்துத்தான் ஒப்படைக்க வேண்டும். ஆனால் ஸில்மியா இரங்கவில்லை. அவருக்கு உறைப்பு ஆகாவிட்டால் அவரே என்னிடம் சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்வேன் என்று சொல்லி, தூள் பையைப் பரீனாவின் மடியிலேயே வைத்துவிட்டாள். ஸில்மியாவின் உம்மா ஸஹீதா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் எப்போதும் அப்படித்தான் நிற்பாள்.

விருந்து நாளில் சகன் என்கிற பெரிய தட்டுகளைப் பரப்ப என்னையும் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். ஒரு சகனுக்கு ஆறு பேர். சோற்றைக் குவித்து நடுவில் கறியை வைத்தால் ஆறு கையும் அதிலேயே போகும். ஒருவருக்குத் தனியாக, இன்னொருவருக்குத் தனியாக என்ற பேச்சே கிடையாது. அதனால்தான் பரீனா மகனுக்கென்று ஒரு கோப்பை எடுத்துக் கொடுக்க முடியவில்லை. பாவம், அதற்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். பர்தாவுக்குள்ளே ஒரு டிபன் கேரியர்.

ஸில்மியா வந்த பெண்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கப் போன நேரம் பார்த்து, பரீனா மாப்பிள்ளைச் சகனில் இருந்த வெள்ளைக் கறியை அகப்பையால் வழித்தெடுத்தாள். தன்னுடைய சிவப்புக் கறியைக் கவிழ்த்தாள். சகனைத் தூக்கித் தன் கையாலேயே திரைக்கு அந்தப் பக்கம் நீட்டினாள். ஸில்மியா திரும்பி வந்தவுடன் நான் சொன்னேன். இப்படிப்பட்ட செய்தியை வாயில் வைத்துக்கொண்டு இருக்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் சகன் போய்விட்டிருந்தது.

இரண்டு பேரும் திரைக்குப் பின்னால் நின்றோம். மாப்பிள்ளையின் சாச்சா, அவன் வாப்பாவின் தம்பி பக்கீர் முதல் கவளத்தை வைத்தார். இரண்டாவதையும் வைத்தார். கையை உதறிக்கொண்டார்.

“பாக்கக் கல்யாணக் கறி, வாயில வெச்சா ஆஸ்பத்திரிக் கறி” என்றார். “புள்ளக்கி ஆக்கத் தெரியாதோ, இல்லாட்டி எங்களயெல்லாம் நோயாளி எண்டு நெனச்சிட்டோ?”

ஆண்கள் சிரித்தார்கள். ஸில்மியாவின் வாப்பா மட்டும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நௌஷாட்டும் சோற்றைத்தான் பார்த்தான். பிறந்ததில் இருந்து தின்ற கறி அவனுக்குத் தெரியாதா? முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் அழகாகப் பிசைந்து பிசைந்து தின்றுகொண்டிருந்தான்.

ஸில்மியா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வாய் திறப்பான் என்று காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, இறால் சட்டியைத் தூக்கிக்கொண்டு திரையை விலக்கி நேரே ஆண்களுக்கு நடுவில் போய்விட்டாள். நாள் குறிக்காத பெண்! ஸஹீதா குசினிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

“சாச்சா, அது மாப்பிள்ளட உம்மா ஆக்கின. இதுதான் எங்கட” என்று சொல்லி, மாப்பிள்ளைச் சகனில் ஊற்றி, சட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள்.

பக்கீர் ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கிலும் வந்தது. சட்டியை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்.

நாள் குறிக்காமலே போனார்கள். எல்லாம் முடிந்தது என்று ஸஹீதா அழுதுகொண்டிருக்க, மறுநாளே ஏறாவூரில் இருந்து சொல்லியனுப்பினார்கள். பெண் எந்தக் கொச்சிக்காயை வேண்டுமென்றாலும் போடட்டுமாம், பரீனா இனிமேல் அந்தப் பேச்சே எடுக்கமாட்டாளாம். அப்படியென்றால் ஸில்மியா வென்றுவிட்டாள் என்றுதானே அர்த்தம்? நானும் அப்படித்தான் நினைத்து, அந்தத் தெரு முழுக்கச் சொல்லியும் விட்டேன். ஸில்மியா வேண்டாம் என்றுவிட்டாள்.

பைத்தியமா உனக்கு என்று ஸஹீதா சத்தம் போட்டாள். வாப்பாவும் சத்தம் போட்டார். நான்கூட மதிலுக்கு மேலால் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன்.

“அவர் உறைப்புத் தின்னாட்டி எனக்கென்ன உம்மா?” என்றாள் அவள். “என்ன வெச்சுச் சிரிக்கக்குள்ள, அது என்ட உம்மாட கறி எண்டு சொல்ல அவருக்கு வாயில்ல. அந்த வாய்க்கு நான் காலமெல்லாம் சோறு ஆக்க மாட்டன்.”

அதற்குமேல் யார் என்ன சொன்னாலும் அவள் அம்மியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. ஊர் பேசியது. ஆண்கள் சபையில் ஏறி நின்ற பெண்ணை யார் கட்டுவான் என்றது. சாப்பாட்டுக்குச் சொல்லி வைக்கிறவர்கள் மட்டும் குறையவில்லை, பேசின வாய்களும் அதில் உண்டு.

நௌஷாட் ஓட்டமாவடியில் பெண் கட்டினான். அங்கேயே குடியிருக்கிறான், பரீனா மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். ஸில்மியாவைப் பெண் கேட்டு ஆள் விட்டவர் பக்கீர் சாச்சாதான், தன் மகன் ஹில்மிக்கு. எங்கள் பக்கம் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை தேடிப் போவார்கள்; மாப்பிள்ளை பக்கம் தானாக வந்து பெண் கேட்பது எங்கள் தெருவில் அதுவரை நடக்காத காரியம். ஹில்மி பேச வந்த அன்றைக்கே, எல்லார் முன்னாலும், தனக்கு உறைப்பு ஏலாது என்று சொல்லிவிட்டான். இப்போது அந்த வீட்டு அடுப்பில் இரண்டு சட்டி ஏறுகிறது, நானே பார்க்கிறேன். ஓட்டமாவடியில்தான் எனக்கு ஆள் யாரும் இல்லை. அங்கே எந்தக் கொச்சிக்காய் போடுகிறார்கள் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.