பூஜ்யமாவது இடத்தில் ஒரு பெயர்

எனக்குக் கர்வம் அதிகம். 1999இல் கோவை ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் ஆபீசில் இருந்த நான்கு பேரில், மில்லின் பழைய சி புரோகிராமிலிருந்து அர்ரேயை, அதாவது வரிசையாக அடுக்கிய பட்டியலை, பிரவுசர் ஸ்கிரிப்டுக்குக் கொண்டுவரத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மூன்று வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். அந்தப் பக்கம் கொடுப்பதை இந்தப் பக்கம் வாங்கவே மாட்டேன் என்றது. வாங்கிய அன்று ஆபீசுக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன்.

மில் பீளமேட்டுப் பக்கம். முதலாளி மகன் யஷ்வந்த் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர்; அவருக்கு எல்லாம் பிரவுசரில் தெரிய வேண்டும். முதல் வேலை, தற்காலிகத் தொழிலாளர்களின் சீனியாரிட்டி பட்டியல். அதில் முதல் பன்னிரண்டு பேரைப் பெர்மனன்ட் ஆக்கப்போகிறார்கள்.

பழைய புரோகிராம் இரண்டு அர்ரே கொடுத்தது. ஒன்றில் வரிசை எண், மற்றதில் பெயர். எண் அர்ரேயைப் பார்த்தேன். அர்ரேயில் இடங்கள் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும்; அந்தப் பூஜ்யமாவது இடத்தில் ‘லாபம்’ என்று இருந்தது, அடுத்த இடத்தில் 2. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். யாரோ பிள்ளையார் சுழி மாதிரி தலைப்பில் போட்ட வார்த்தை, எண்ணும் தப்பு என்று சிரித்துக்கொண்டே, ஸ்கிரிப்டை அடுத்த இடத்திலிருந்து படிக்க வைத்தேன். பழைய எண்களைத் தூக்கிப்போட்டுப் பிரவுசரையே 1, 2, 3 போடச் சொன்னேன். பெயர் அர்ரேயின் பூஜ்யத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு பேருக்கும் ஆர்டர் கொடுத்த மறுநாள் மில்லில் சென்னியம்மாள் என் முன்னால் வந்து நின்றார். நூல் சுற்றும் பிரிவில் பதினாறு வருடமாகத் தற்காலிகம்.

“ஏனுங்க அம்மணி, உங்க பொட்டில எம்பேரே இல்லீங்களாமா? பழைய லிஸ்டுல லாபத்துல இருந்தது நாந்தானுங்க.”

“லாபத்துலயா?”

“நெல்லளந்தாலும் பஞ்சுப்பொதி எண்ணுனாலும் ஒண்ணுன்னு ஆருங்க சொல்லுவாங்க? லாபம், ரெண்டு, மூணும்போமுங்க. பழைய கிளார்க்கும் அப்படித்தானுங்க போடுவாரு.”

என் அத்தா கோட்டைமேட்டில் அரிசிக்கடை வைத்திருந்தவர். அவரும் அப்படித்தான் அளப்பார். கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

யஷ்வந்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை.

“ஆர்டர் குடுத்தாச்சுங்க ஃபர்சானா. கடைசியா உள்ள வந்த பதிமூணாவது ஆளை இனி எப்படி வேண்டாங்கிறது? அடுத்த தடவை பாத்துக்கலாங்க. வெளிய சொல்லாதீங்க, உங்க கம்பெனி பேருதான் கெட்டுப்போகும்.”

அந்தக் கடைசிப் பேச்சுக்குப் பயந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஸ்கிரிப்டில் ஒன்றைப் பூஜ்யமாக மாற்றினேன். பத்து வினாடி வேலை.

“அடுத்த லிஸ்டுல நீங்கதான் முதல்ல இருப்பீங்க” என்று சென்னியம்மாளிடம் சொன்னேன்.

“நீங்க நல்லா இருக்கோணும் அம்மணி” என்றார்.

நான்கு மாதம் கழித்து அடுத்த பட்டியல் கேட்டார்கள். பெர்மனன்ட் ஆக்க அல்ல. பெர்மனன்ட் கேட்கக்கூடிய பழைய தற்காலிக ஆட்களாகப் பார்த்து, பட்டியலின் மேலிருந்து இருபது பேரை வீட்டுக்கு அனுப்ப. அதே புரோகிராம், அதே ஸ்கிரிப்ட். யஷ்வந்த் பட்டனை அழுத்தினார். ஒரு பெயரும் விடுபடவில்லை. முதல் பெயர் சென்னியம்மாள்.

“இந்தத் தடவை கரெக்டா வந்திருக்குங்க” என்றார்.